மிதிப்பது யார்?

“ஏறிக்கோ ரைன்டர். காலையில போட்ட சண்டையை அப்புறமா தொடரலாம்.”

வாசலில் சைக்கிள் மணியும் கேசினாவின் குரலும் ஒன்றாகக் கேட்டன. ரைன்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து வண்டியைத் தடவிப் பார்த்தார். பின் இருக்கை, பின் கைப்பிடி, கீழே செங்கல் கனத்தில் பேட்டரி.

அவருக்குப் பார்வை போய் இருபது வருடம். அத்தனை வருடமும் இரட்டைச் சைக்கிளில் முன்னால் மனைவி கேசினா, பின்னால் அவர் என்று இருவரும் மிதித்து, நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியில் கால்வாய்க் கரை ஒன்று விடாமல் சுற்றியவர்கள். போன குளிர்காலத்தில் அவள் இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் பழைய வண்டி கொட்டகைக்குப் போனது. மோட்டார் வைத்ததாக ஒன்று வாங்கலாம் என்று அவள் ஒரு மாதமாக நச்சரித்தாள். இன்று காலை அவர் பொறுமையிழந்து, “வாங்கினா நீ தனியாவே ஓட்டிக்கோ!” என்று கத்த, அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு மென்னோவின் சைக்கிள் கடைக்கு நடந்தே கிளம்பிவிட்டாள்.

“மென்னோ ஓட்டிப் பார்க்கக் கொடுத்தானாக்கும்?” என்றார் ஏறிக்கொண்டே.

“பிடிக்கலன்னா திருப்பி விட்டுடலாம். நீ சொல்றதுதான் முடிவு.”

வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

“நாப்பது கிலோ கனம். ரயில்ல ஏத்த முடியாது. நடுவழியில பேட்டரி செத்துப்போச்சுன்னா ரெண்டு பேரும் மாடு மாதிரி தள்ளணும்.”

“எதிர்காத்துல போய்ப் பாரு, அப்புறம் குறை சொல்லு. இடது வளைவு.”

வளைவு, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் அவள் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அவர் அதற்கேற்ப உடம்பைச் சாய்ப்பார்.

“இன்னொண்ணு கேசினா. பழைய வண்டியில நீ களைச்சா என் பெடலுக்குத் தெரியும். இதுல மோட்டார் எல்லாத்தையும் மூடி மறைச்சிடுது. யார் மிதிக்கிறா, யார் சும்மா இருக்கான்னே புரியல.”

“அதுவும் நல்லதுதான். நான் களைக்கிறதை நீ எண்ணிக்கிட்டே வர வேண்டாம்.”

கரைமேல் ஏறியதும் காற்று நேராக அவர் நெஞ்சில் அறைந்தது. வழக்கமாக அவள் முதுகு பாதிக் காற்றை வாங்கிக்கொள்ளும். அவருக்கு முன்னால் ஏதோ படபடத்தது.

“மழைக்கோட்டா போட்டிருக்க?”

“காத்து அப்படி அடிக்குது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கோ.”

இரட்டைச் சைக்கிளைக் கண்டால் இந்த ஊர்க்காரர்களுக்கு வாய் சும்மா இருக்காது. தூண்டில் போடுகிறவரோ நாயோடு நடக்கிறவரோ, “பின்னாடி ஆள் மிதிக்கல!” என்று ஒரு கத்து கத்தாமல் விடமாட்டார்கள். இருபது வருடமாக அதே ஜோக், அதே சிரிப்பு. பாலத்தருகே பேச்சுக் குரல்கள் கேட்டதும் ரைன்டர் பதிலோடு தயாரானார். வண்டி நெருங்க, குரல்கள் சட்டென்று அடங்கின. ஒரு பெண் “கடவுளே” என்று முனகினாள். ஒரு நாய் ஊளையிட்டது.

“என்ன ஆச்சு இவங்களுக்கு? யாரும் என்னைக் கிண்டல் பண்ணல?”

“வாயைப் பொளந்துகிட்டு நிக்கிறாங்க. மேடு வருது, பிடிச்சுக்கோ.”

கோட்டுப் பையில் போன் அடித்தது.

“விடு ரைன்டர். இன்னும் கொஞ்ச தூரம்.”

அடித்து ஓய்ந்தது. பாலத்து ஏற்றத்தைத் தாண்டிய பிறகுதான் அவர் அதைக் கவனித்தார். அவளிடமிருந்து மூச்சிரைப்பே இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அவர் சைக்கிளே வேண்டாம் என்று அடம் பிடித்தது. அவர் மனம் இளகிவிட்டது.

“கேசினா, உனக்கு மூச்சே வாங்கல!”

“ஆமா. கொஞ்சம்கூட இல்ல.”

“வண்டி மேல எனக்கென்ன கோபம்? நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயம். அதான் கத்திட்டேன்.”

“தெரியும். அதை உன் வாயால கேக்கணும்னுதான் வந்தேன்.”

“அப்ப வெச்சுக்கலாம்.”

அவள் மணியை ஒருமுறை அடித்தாள். போன் மறுபடி அலறியது. அவர் பின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி எடுத்தார்.

“ரைன்டர்! எத்தனை தடவை கூப்பிடறேன்!” மென்னோவின் குரல் உடைந்திருந்தது. “வீட்டுலயே இருங்க, நான் வந்துட்டே இருக்கேன். கேசினா கடை வாசல்ல புது வண்டி மேல கை வெச்சாங்க, அப்படியே சரிஞ்சுட்டாங்க. ஆம்புலன்ஸ்காரங்க ஒரு மணி நேரம் போராடினாங்க. போயிட்டாங்க ரைன்டர். அந்தக் குழப்பத்துல எவனோ வண்டியையும் கிளப்பிட்டுப் போயிட்டான்.”

ரைன்டர் மெல்லக் கையை முன்னால் நீட்டினார். முன் இருக்கையின் மேல், இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

“வலது வளைவு,” என்றாள் கேசினா. வண்டி திரும்பியது.