நாம், நாங்கள்

ஐந்து தீவு நாடுகள் சேர்ந்து போட்ட காவல் உடன்படிக்கையைத் தமிழாக்கியவள் ரூபவதி. ‘எவர் கடலில் அந்நியக் கப்பல் புகுந்தாலும் நாம் காப்போம்’ என்ற வரி அவளுடையது. அதைச் செப்புத் தகட்டில் பொறித்து, கண்காணிப்பு அறையின் சுவரில் மாட்டி நான்கு வருடமாகிறது.

இன்று புகுந்தேவிட்டது. பெயர் எழுதாத மூன்று சாம்பல் நிறக் கப்பல்கள், பதினோரு பேர் இருந்த இந்தத் தீவின் ரோந்துப் படகை வளைத்துக்கொண்டிருந்தன. திரையிலிருந்து கண்ணெடுக்காமல், தளபதி இஞ்ஞாசி மற்ற நான்கு நாடுகளையும் அழைத்தார். மூன்று நாடுகள் வாயே திறக்கவில்லை. பக்கத்துத் தீவு மட்டும் பேசியது. ரூபவதி காதுக் கருவியை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

“ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம்னு சொல்றாங்க, சார்.”

“நாமன்னு சொன்னாங்களா, நாங்கன்னு சொன்னாங்களா?”

“அவங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான், சார்.”

இஞ்ஞாசி சுவரைப் பார்த்தார். “அப்ப அங்க எதை வச்சு ‘நாம்’னு எழுதினீங்க?”

“கையெழுத்துப் போட்ட அன்னைக்கு எல்லாரும் ஒரே மேசையில உக்காந்திருந்தாங்க, சார்.”

ஒலிபெருக்கி கரகரத்தது. படகிலிருந்து ஒருவன் கேட்டான்: “நிக்கிறதா, திரும்புறதா? சீக்கிரம் சொல்லுங்க சார். ரொம்பக் கிட்ட வந்துட்டாங்க.”

இஞ்ஞாசி மைக்கை எடுத்தார்.

“நில்லுங்க. நாங்க இருக்கோம்.”

‘நாங்க’ என்று சொல்லி முடித்த பிறகுதான் அவர் ரூபவதியின் முகத்தைப் பார்த்தார்.