நாலு நிமிடப் பேச்சு

"ஒரு இசைக்கு நாலு பகுதி. நாலும் முடிஞ்ச பிறகுதான் கைதட்டவேணும். இடையிலை ஒருதரும் இருமவும் கூடாது."

ஒலிவாங்கியில் இருமுறை சொல்லிவிட்டே ஜொய்சி ரீச்சர் மேடையை விட்டு இறங்கினார்.

பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்த ஐந்து கலைஞர்கள், தத்தம் நாட்டுக் காற்றுக்கருவி இசையை யாழ்ப்பாணத்தில் வாசிக்கும் மாலை அது. ஆறு மாதம் விடாமல் எழுதி அவர்களை வரவழைத்தவர் ரீச்சர். இன்று ஒழுங்காக நடந்தால் அடுத்த ஆண்டும் வருவார்கள். பொன்னாடை இல்லை, ஆசியுரை இல்லை, நன்றியுரை இல்லை என்று அவர்களுக்கு வாக்கும் கொடுத்திருந்தார்.

பிரெஞ்சு இசை குறைவின்றி நிறைவேறியது. அமெரிக்க இசையின் இரண்டாம் பகுதி முடிந்த அமைதியில், படபடவென்று ஒரு கைதட்டல்.

முன்வரிசையில் இருந்த அளவெட்டி நாதஸ்வர வித்துவான் ஆழ்வாப்பிள்ளை!

"அண்ணை, இருங்கோ!" என்று ரீச்சர் பல்லைக் கடித்தார்.

அவர் இருக்கவில்லை. மேடையேறித் தம் தோள் சால்வையை உதறி, புல்லாங்குழல்காரருக்குப் போர்த்தினார். பிறகு ஒலிவாங்கியையும் பிடித்துக்கொண்டார்.

"சபைக்கு வணக்கம். எங்கடை வெயிலுக்கை வந்து வாசிக்கிற இந்தப் பிள்ளையளைப் பாராட்டாட்டில், குறை எங்களுக்குத்தான்..."

வெயிலில் தொடங்கியவர் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு வந்தார். அதைத் தின்னாமல் ஒருவரும் விமானம் ஏறக்கூடாதென்றார். சபை சிரித்தது.

"உவருக்கு மைக்கைக் கண்டால் காணும், விடமாட்டார் ரீச்சர்," என்று பக்கத்தில் இருந்த மாணவி மதுரா கிசுகிசுத்தாள்.

மேடையில் ஓபோ என்ற குழலை வாசிக்கும் பிரெஞ்சுப் பெண், தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள்! ரீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது.

நாலு நிமிடம் கழித்து, "சரி, வாசியுங்கோ," என்று ஆழ்வாப்பிள்ளை இறங்கினார்.

மிகுதி இசை முடிந்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியது. ரீச்சர் அதைக் கேளாமல் வாசலுக்கு விரைந்து அவரை மறித்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனான். என்ரை மானத்தை வாங்கிப்போட்டியள் அண்ணை. அடுத்த வருசம் உங்களுக்கு அழைப்பில்லை."

"ஓம் ரீச்சர், பிழைதான். அப்ப வாறன்," என்று அவர் முச்சக்கரவண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பின்னாலேயே ஓபோக்காரி ஓடிவந்தாள்.

"அந்தப் பெரியவர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மன்னித்துக்கொள்ளுங்கள். அவருக்கு உங்கள் முறை தெரியாது."

அவள் உள்ளங்கையை விரித்தாள். அதில், நாதஸ்வரத்தில் செருகுவது போன்ற, நெடுக வெடித்த சீவாளி ஒன்று.

"வாயில் வைத்து ஊதும் இது, இரண்டாம் பகுதியின் கடைசிச் சுரத்தில் வெடித்துவிட்டது. மூன்றாம் பகுதியை நான்தான் தொடங்கவேண்டும். புதியதை நனைத்துப் பதமாக்க நாலு நிமிடமாவது வேண்டும். எழுந்து போகவும் வெட்கம். அந்தப் பெரியவர் பேசும்போது, குனிந்து புதியதை நனைத்துக்கொண்டிருந்த என்னையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்த பிறகுதான் பேச்சை நிறுத்தினார்."