நாலில் ஒன்று

எங்கள் வார்டில் நர்சுகள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி யாருக்கு என்று வாராவாரம் சீட்டுக் குலுக்குவோம். பெயர்களை எழுதிப் போடுவது நான். எடுத்துப் படிப்பது என் உயிர்த்தோழி.

“எட்டு வாரத்துல எனக்கு ரெண்டு தடவைதானே வரணும்? ஏழு தடவை வந்திருக்குடி!”

“உன் நேரம் அப்படி. நான் என்ன பண்ண?”

“இந்த ஞாயிறு என் பொண்ணுக்குப் பிறந்தநாள்.”

“கவலைப்படாதே. உனக்காக வேண்டிக்கிட்டே எடுக்கறேன்.”

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தவள் ஒரு நொடி தயங்கி, உதட்டைப் பிதுக்கினாள்.

“பாவம்டி... மறுபடியும் நீதான்.”

வழக்கம்போல் சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தாள்.

நான் அதைப் பொறுக்கிப் பார்க்கவில்லை. இந்த வாரம் நாலு சீட்டிலும் அவள் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.