இடது மூலைக் கோடு

சுதர்ஷினி இருபத்தொன்பது புள்ளியில் நின்றாள். கூடைப்பந்தாட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை.

வெற்றி எப்போதோ எங்கள் பக்கம் முடிவாகிவிட்டது. யாரும் அதற்காக உட்கார்ந்திருக்கவில்லை.

மைதானத்துப் படிகளில் இடமில்லை. ஹட்டன் கடைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள். இறம்பொடையிலிருந்து அவளுடைய தோட்டத்து ஆட்கள் லொறி பிடித்து வந்திருந்தார்கள். ஒருவர் அடிப்பதற்குத் தப்பு மேளம்கூடக் கொண்டுவந்திருந்தார்.

போன வருடம்வரை வேறு கல்லூரிக்கு ஆடியவள். எந்த ஆட்டத்திலும் இருபத்தைந்துக்குக் குறையமாட்டாள் என்று பேச்சு. எங்கள் கல்லூரிக்கு அவள் வருகிறாள் என்று தெரிந்த அன்றே டவுனில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாக் கணக்கும் ஒரே எண்ணைத்தான் சுற்றியது.

மைதானத்தை ஒட்டிய மண்டபச் சுவரில் வெள்ளை எழுத்தில் அது இருக்கிறது. பூரணி – 31. இந்த மைதானத்தில் ஒருவர் ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகப் புள்ளி. யாராவது தாண்டினால் பழைய பெயரின்மேல் சுவர் நிறத்தைப் பூசி அழித்துவிட்டுப் புதியதை எழுதுவோம். சமன் செய்தால் பழைய பெயர் அப்படியே இருக்கும். புதியது அதன் கீழே வரும்.

எழுதுகிறவன் நான். கல்லூரியின் விளையாட்டுப் பயிற்றுநர். அன்றைய இரண்டு நடுவர்களில் ஒருவன்.

பூரணி என் மனைவி. போன மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

அதன் பிறகு பிள்ளைகள் அந்தப் பெயரைத் தொட்டுவிட்டுத்தான் ஆட இறங்குகிறார்கள். சுவரடியில் யாராவது பூ வைக்கிறார்கள். காலையில் கேட்டைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஆட்டத்துக்கு முன் சுதர்ஷினியின் அத்தை வீரம்மா படியிறங்கி என்னிடம் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சேர். முப்பத்திரண்டு போடாம லயத்து வீட்டுப் பக்கம் வந்துராதன்னு சொல்லித்தான் இவள எறக்கி விட்டிருக்கோம்."

"போடட்டுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பாவம் என்பதுபோல உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

முன்வரிசையில் மஃறூப் நானா இருந்தார். ஹார்ட்வெயார் கடைக்காரர். எங்கள் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார். முந்தின நாள் அவர் கடையில்தான் பெயின்ட் வாங்கினேன்.

"வெள்ள கோடு போட, சரி. இந்த நீலம் என்னத்துக்கு சேர்?"

"தேவைப்படும் நானா."

இடது மூலையில் மூன்று புள்ளிக் கோடு மழையில் அழிந்துபோயிருந்தது. விடிந்ததும் அதை மறுபடி போட்டேன். பனி விலகவே இல்லை. கோடு காயவும் இல்லை.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவள் எம்பும் ஒவ்வொரு முறையும் விசிலைப் பல்லால் கடித்தேன். படியில் இருந்தவர்கள் பந்தைப் பார்த்தார்கள். வளையத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

பந்து அவளிடம் வந்தது. இடது மூலை. என் பக்கம்.

அவள் எம்பினாள்.

தப்புச் சத்தம் நின்றது. வளையத்தைத் தொடாமல் பந்து உள்ளே இறங்கியபோது கடைசி மணி அடித்தது.

கூட்டம் படியிலிருந்து சரிந்து வந்தது. லொறிக்காரர் ஹோர்னை அழுத்திப் பிடித்தார். வீரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.

வளையத்தடியில் நின்ற மற்ற நடுவர் என்னைப் பார்த்தார். அந்த மூலை என் பொறுப்பு. மூன்றா, இரண்டா என்று நான்தான் சொல்ல வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று, கோட்டை மிதித்தால் இரண்டு.

நான் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தேன்.

கறுப்புச் சப்பாத்து. நுனியில் வெள்ளை.

வேறு யாரும் கீழே பார்க்கவில்லை. மூன்றென்று கையைத் தூக்கினால் போதும். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். என் கை பாதிவரை தானாகவே எழும்பிவிட்டது.

நிறுத்தினேன். இரண்டு விரலைக் காட்டினேன்.

ஹோர்ன் நின்றது. பிறகு ஊளை கிளம்பியது.

"யோவ் சேர், கண்ணாடி வாங்கித் தரவா?"

லொறிப் பக்கமிருந்து ஒரு பெரியவரின் குரல் அதை அடக்கியது.

"விடுங்கடா. பொண்டாட்டி பேருடா அது. அந்த மனுசன் கையால எப்படிடா அழிப்பாரு?"

ஊளை அடங்கியது. யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு பலர். எனக்காகத் தட்டினார்கள். வீரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

சுதர்ஷினி குனிந்து சப்பாத்து நுனியைச் சுரண்டினாள். நகத்தில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சுவருக்குப் போய்ப் பூரணியின் பெயரைத் தொட்டாள்.

மஃறூப் நானா மட்டும் கை தட்டவில்லை. பெஞ்சடியில் என் பை திறந்து கிடந்தது. உள்ளே இருந்த நீல டின்னைப் பார்த்தார். நிமிர்ந்து, அந்தப் பெயரைச் சுற்றியிருந்த சுவரைப் பார்த்தார். அதே நீலம்.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டின் திறக்கல்லதானே சேர். குடுங்க, நான் திருப்பி எடுக்கிறேன்."

பையின் சிப்பை இழுத்து மூடினேன்.

"இருக்கட்டும் நானா. அடுத்த கிழமையும் மெட்ச் இருக்கு."