மதுரையைத் தூக்கி வையுங்கள்

“கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா தம்பி?” என்று மேடையிலிருந்து கேட்டார் நடுவர் டாக்டர் ராமசுப்பு.

பேச்சுப் போட்டிக்குத் தாமதமாக வந்த கடைசிப் போட்டியாளனான கல்லூரி மாணவன் சுஜின் மேடையேறி மைக்கைப் பிடித்தான். மதுரையை மேம்படுத்த எதை மாற்ற வேண்டும் என்பது தலைப்பு. அதுவரை மூன்று மேம்பாலங்களும் ஒரு இசை நீரூற்றும் கைதட்டல் வாங்கியிருந்தன.

“இடத்தை மாத்தணும் சார். மதுரையை அப்படியே தூக்கி எங்க சாந்தன்பாறைப் பக்கத்துல வச்சிரணும்.”

அரங்கம் சிரித்தது. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கேரளத்து மலைமேலயா? கேலி பண்ண வந்தியா? இறங்குப்பா கீழ.”

“சொல்லிட்டு இறங்குறேன் சார். எங்க எஸ்டேட்டுல ஆஸ்பத்திரின்னு போர்டு இருக்கு, டாக்டர்தான் இல்ல. ஏலக்காட்டுல பாம்பு கடிச்சா ஜீப்புல தூக்கிப் போட்டு போடிமெட்டு வளைவெல்லாம் சுத்தி இறங்கணும். வழியில எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மதுரைக்குப் போன்னு கைகாட்டுறாங்க.”

“அதுக்கு ஊரையே தூக்கணுமா?”

“வேற வழி தெரியல சார். போன வருசம் பாம்பு கடிச்சு எங்கம்மா கத்தரீனாளை இங்க பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்தப்ப நீங்கதான் டியூட்டில இருந்தீங்க. கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, இப்ப நான் உள்ள வந்ததும் என்கிட்ட கேட்டதையேதான் அன்னைக்கும் கேட்டீங்க.”