பட்டி பூசிய விரிசல்

இன்பராஜ் வீட்டுக் கொட்டகையில் தானே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினான். பழைய கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டி, அது தாங்கக்கூடியதைவிட இரண்டு மடங்கு பெரிய எஞ்சினை ஏற்றினான். ஏற்றிய அன்றே சட்டத்தில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது.

அவன் அதில் பள்ளம் மறைக்கப் பூசும் பட்டியை அப்பித் தேய்த்துக் கறுப்பு பெயின்ட் அடித்தான். வாங்கி வந்த இரும்புத் தகடுகளையோ, பார்க்கிறவர் கண்ணில் படட்டும் என்று கதவோரம் வைத்து வெல்டு அடித்தான்.

சட்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு தகடு, ஒரு சாண் வெல்டு. அதுக்கு மேல நான் என்ன கேட்டேன்? புண்ணுக்குப் பவுடர் போடுறான்."

"முனகாதய்யா," என்றது எஞ்சின். "நாளைக்கு நூத்திருபதுல பறக்கப்போறேன்."

"பற. அந்த வேகத்துல நான் ரெண்டானா, நீயும் நானும் பழைய இரும்புக் கடைக்குப் போவோம். அவன் எங்க போவான்? அதைச் சொல்லு முதல்ல."



மறுநாள் வாசலில் தெருவே கூடியது. இன்பராஜ் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்து, கியர் போடுவதற்கு முன்னால் ஆக்சிலரேட்டரை அழுத்திக் காட்டினான். அதுவரை பல்லைக் கடித்துப் பிடித்திருந்த விரிசலைச் சட்டம் விட்டுவிட்டது. பட்டி பொலபொலவென உதிர்ந்தது. எஞ்சின் சரிந்து தரையில் உட்கார்ந்தது. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. கூட்டம் சிரித்தது.

"பாவி, மானத்தை வாங்கிட்டியே," என்றது எஞ்சின்.

"மானம்தானே போச்சு," என்றது சட்டம். "அங்க பாரு, சொந்தக் காலால இறங்கி நின்னு என்னைத் திட்டுறான். நல்லாத் திட்டட்டும்."