உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது

நாற்பத்தாறாவது ஆளும் அதையேதான் எழுதியிருந்தார். சூப்பர் மேடம்.

அவள் மடிக்கணினியை ஓங்கி மூடினாள். பிறகு திறந்தாள். வேறு என்ன செய்வது?

மூன்று வாரமாக இதே கூத்து. ஒரு தனியார் மருத்துவமனையின் நர்ஸ்களுக்கு டூட்டி போடும் செயலி. அறுநூறு பேர் கைக்குப் போவதற்கு முன் நாற்பத்தாறு பேரிடம் கொடுத்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாயிற்று. சொல்வதற்கென்றே ஒரு பட்டன். அதை வடிவமைத்தது அவள்.

அமுக்கினால் ஒரு பெட்டி திறக்கும். அந்த நேரத்துத் திரை தானாகவே படமாக வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். நாலு வரி எழுதி அனுப்பினால் போதும். பெட்டிக்குக் கீழே அவளே எழுதி வைத்த ஒரு வரி: உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

இதற்கு மேல் என்ன செய்ய வேண்டுமாம்? கையைப் பிடித்து எழுத வைக்க வேண்டுமா?

நீலப் பட்டனை ஆரஞ்சாக்கினாள். சூப்பர்.

'குறை' என்ற சொல் மிரட்டுகிறதோ என்று 'கருத்து' என்று மாற்றினாள். குட் ஆப்.

நட்சத்திரங்களை எடுத்துவிட்டு முகங்களை வைத்தாள். நாற்பத்தாறு பேரும் சிரிக்கிற முகத்தையே அமுக்கினார்கள்.

குறையே இல்லாத செயலி உலகத்தில் உண்டா? அதுவும் இவள் கம்பெனியில்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார்கள் இத்தனை பேரும்?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்று வந்தது.

'வேண்டாம்னு அமுக்கினாலும் சரின்னு எடுத்துக்குது. மூணு நாளா ரெண்டு ஷிப்டு சேர்த்துப் போடுது. தூக்கமே இல்ல. நேத்து பக்கத்து பெட் ஊசிய எடுத்துட்டேன். குத்தறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன். தயவுசெஞ்சு சரி பண்ணுங்க.'

அப்பாடா!

நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். இப்போதாவது ஒருத்திக்கு வாய் திறந்ததே. மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி சண்முகவடிவேலுக்கு அப்படியே அனுப்பினாள். படத்தோடு. 'இதற்காகத்தான் சார் காத்திருந்தோம்' என்று மேலே ஒரு வரி வேறு.

நாலரைக்கு அவர் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், அந்த மகுடேஸ்வரி எழுதுனதைப் பார்த்தேனுங்க. ஊசிய மாத்தி எடுத்திருக்குது. கூப்பிட்டுக் கேட்டா, நான் எழுதவே இல்லீங்க சார்னு அழுகுது. செஞ்சது தப்பு, பொய் வேற. இன்னிக்கே வேலைய விட்டு நிறுத்திடலாம்னு இருக்கறமுங்க."

எந்த மகுடேஸ்வரி?

படத்தைப் பெரிதாக்கினாள்.

மேல் மூலையில், கொட்டை எழுத்தில்: வணக்கம், மகுடேஸ்வரி!

அந்த வணக்கத்தை வைத்தவளும் அவள்தான். பெயர் சொல்லி அழைத்தால் நர்ஸ்களுக்கு நெருக்கமாக இருக்கும் என்று ஒரு முழு மீட்டிங்கும் சண்டை போட்டு வைத்தாள். சோதனைக் கணக்கில் நுழையும் அவள் போனில் அது 'வணக்கம், சோதனை!' என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய படங்களைத் திறந்தாள். சூப்பர் என்பதற்கு எதற்குப் படம் என்று இதுவரை ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

வணக்கம், ஜெசிந்தா!

வணக்கம், பூங்கொடி!

வணக்கம், ஷகிலா பானு!

அனுப்புவதற்கு முன் அந்தப் படம் அவர்கள் கண்ணெதிரேதான் நின்றிருக்கிறது. ஒருத்தி விடாமல் பார்த்திருக்கிறார்கள். மகுடேஸ்வரி மட்டும் தூக்கக் கலக்கத்தில் கீழே இருந்த வரியை நம்பிவிட்டாள்.

சீ என்றிருந்தது. படித்த படிப்பெல்லாம் எதற்கு?

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"அது நான் எழுதினது சார்."

"என்னங்க?"

"பெட்டி வேலை செய்யுதான்னு பார்க்க, அவங்க பேர்ல நானே உள்ள போய் எழுதினேன். அந்தப் பொண்ணு சொல்றது நிஜம் சார்."

"ஊசி மாத்துனதுமா?"

"அதுவும் நான் சும்மா எழுதினதுதான்."

அவர் ஆரம்பித்தார். விளையாடறதுக்கு ஆஸ்பத்திரிதான் கெடைச்சுதுங்களா என்றார். ஒரு புள்ளைய அழ வெச்சுட்டனே என்றார். உங்க எம்.டி.கிட்ட பேசாம விட மாட்டேனுங்க என்றார். சரிங்க சார், சரிங்க சார் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப ஆப்ல கொறை ஒண்ணும் இல்லீங்கல்ல? திங்கக்கெழமை அறுநூறு பேருக்கும் போட்டுடலாமுங்களா?"

இருக்கிறது என்றால் திரும்பவும் மகுடேஸ்வரியிடம்தான் போவார்.

"போட்டுடலாம் சார்."

போனை வைத்தபோது, புரோகிராம் எழுதும் நவ்ஷாத் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"பையை இறக்கி வை. முதல்ல அந்த வணக்கத்தைத் தூக்கு. அப்புறம், வேண்டாம்னு அமுக்கினா சரின்னு எடுத்துக்குது. திங்கக்கிழமைக்குள்ள சரியாகணும். ரெண்டு நாளைக்கு வீட்டை மறந்துடு."

"விளையாடாதீங்கக்கா. நாப்பத்தாறு பேரும் சூப்பர்னு சொல்லியிருக்காங்க."

"நவ்ஷாத், உட்காரு."

அவள் முகத்தைப் பார்த்தான். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, கணினியில் குறைகளைப் பதியும் பக்கத்தைத் திறந்தான்.

"யாரு ரிப்போர்ட் பண்ணதுன்னு கேக்குது. பேரு போட்டாத்தான் உள்ளேயே விடும். யாருக்கா சொன்னது?"

"என் பேரைப் போட்டுக்கோ."